பால் ஊற்றுகிறவள்

செவ்வாய், வியாழன், சனி.
நான்கு மணி நேரம் இடக்கை என்னுடையது இல்லை.
காட்பாடி ரோட்டில் இரண்டாம் மாடி,
எட்டுக் கட்டில், எட்டு எந்திரம்,
மூலையில், உயரத்தில், ஒரு டிவி.
ரிமோட் தப்ரேஸ் பாயிடம்.
மேல்விஷாரத்தில் தோல் மண்டி வைத்திருந்தவர்,
அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பதினொன்றுக்கு அந்த விண்கப்பல் தொடர்.
தமிழ் பேசும் வெள்ளைக்காரர்கள்.
பூமி முழுகி முந்நூறு வருஷம் ஆகிவிட்டதாம்.
கேப்டன் சாப்பிடும் அறையில்
முழுகுமுன் எடுத்து வந்த ஒரே ஓவியம்:
ஜன்னலோரம் ஒரு வேலைக்காரி,
மஞ்சள் ரவிக்கை, இடுப்பில் நீலத் துணி,
முழங்கை வரை மடித்த கை,
ஜாடியிலிருந்து சட்டிக்குப் பால்,
நூல் மாதிரி.

நிஜப் படம்தான், ஹாலந்தில் இருக்கிறது,
டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம் என்றான் டெக்னீஷியன் கிருபாகரன்.
அப்போ கப்பலில் இருப்பது டூப்பா என்றார் பாய்.
முந்நூறு வருஷம் கழித்து நடக்கிற கதை பாய்.
அப்போ சரி.

எனக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
மாத்திரைக்குக் குடிப்பது, ரசம்,
இட்லிக்குள் ஒளிந்திருப்பது எல்லாம் சேர்த்து.
வேலூர் வெயில் நூற்றுப் பத்தைத் தொட்ட மத்தியானங்களில்
நான் பார்த்தது அந்த நூலை மட்டும்.
அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை.

எங்கள் பக்கம் பால் ஊற்றுவது என்றால்
இரண்டாம் நாள் காலை, சுடுகாடு.
குடியாத்தத்தில் அப்பாவுக்கு நான்தான் ஊற்றினேன்.
சாம்பல் அதைக் குடித்த வேகம்
இப்போது புரிகிறது.
இதைப் பாயிடம் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை கப்பலில் தண்ணீர் எந்திரம் பழுது.
ஆளுக்கு அரை லிட்டர் என்று கேப்டன் உத்தரவு போட
வார்டே சிரித்தது.
வாங்க, வாங்க என்றாள்
மூன்றாம் கட்டில் ஆரணி அம்மா, டிவியைப் பார்த்து.
வேற்றுக்கிரகத்து விருந்தாளி ஒருவன், இமைக்கத் தெரியாதவன்,
படத்தின் முன் நின்று கேட்டான்:
எல்லோரும் தவிக்கிறீர்கள்,
இவள் மட்டும் ஏன் கொட்டிக்கொண்டே இருக்கிறாள்?
கேப்டன் வாயைத் திறந்தார்.

கரண்ட் போனது.

கப்பல் போனது, ஏசி போனது,
எந்திரங்கள் ஒன்றாய்க் கத்தின.
கீழே ஜெனரேட்டர் இருமியது, நின்றது.
மற்றதற்கெல்லாம் பேட்டரி உண்டு.
என்னுடையது பழசு.
குழாயில், உடம்புக்கு வெளியே, என் ரத்தம்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றது.

சிஸ்டர் ஜெபக்கனி வந்தாள்.
எந்திரத்தின் முதுகிலிருந்து கைப்பிடியை உருவி
பம்பில் மாட்டிச் சுற்றத் தொடங்கினாள்.
ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில்.
நீல ஏப்ரன். மடித்துவிட்ட கை.
வேகமும் இல்லை, மெதுவும் இல்லை.
சிவப்பு நூல் நகர்ந்தது.
பேச்சுக் கொடுத்தேன்.
"எண்ணிட்டிருக்கேன், பேசாதீங்க."
பதினோரு நிமிஷம்.
தாழ்ந்த கண். லேசாகத் திறந்த உதடு.
அப்போதுதான் பட்டது,
அந்தப் படத்துக்காரியும் கொட்டவில்லை,
எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

கரண்ட் வந்தபோது சோப்பு விளம்பரம்.
கேப்டன் என்ன சொல்லியிருப்பார், பாய்?
நான் தூங்கிட்டேன் என்றார்.
பொய். அவர் விரலில் தஸ்பீஹ் மணி
இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு கிலோ நானூறு குறைந்து இறங்கினேன்.
குடியாத்தம் பஸ். ஜன்னல் சீட்.
பாலாற்றுப் பாலம்.
பேரில் மட்டும் பால்.
மணல், சீமைக்கருவேலம், கவிழ்ந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
நடுவில், தூண்களுக்கிடையே,
ஊற்றோ, சாக்கடையோ, தோல் ஷாப் கழிவோ,
வெயிலில் வெள்ளையாய் ஒரு நூல்.

பக்கத்து சீட்டுப் பையன் பாட்டிலை நீட்டினான்.
என் உதட்டைப் பார்த்திருப்பான்.
மூடியில் ஊற்று தம்பி, ஒரு மூடி போதும் என்றேன்.
பஸ் குலுங்கியது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு
அவன் ஊற்றினான்.